விழுந்த பெட்டியை விழாத மாதிரிக் குடுத்திட்டன். டெலிவரிக்காரர் எவ்வளவு கவனமா இருக்கவேணும்?

கரைச்சிப் பொடியன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் கிளிநொச்சியிலை ஒரு கூரியர் கிளையிலை நாலு மாசமா டெலிவரி செய்யிறன். வயது 24. பன்னங்கண்டி, வட்டக்கச்சி, இராமநாதபுரம், மாயவனூர் எல்லாம் என்ர பக்கம். மோட்டார் சைக்கிளும் என்ர, பெற்றோலும் என்ர காசு. குடுத்து முடிச்ச பார்சலுக்குத்தான் கணக்கு. திரும்பிக் கொண்டுவாற பார்சலுக்கு ஒண்டும் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததை அப்பிடியே எழுதுறன். அண்டைக்கு 47 பார்சல். எட்டரைக்கு வெளிக்கிடவேணும் எண்டு கையிலை வந்ததை வந்த மாதிரியே அடுக்கினன். பெரிய பைக்குள்ளை உடுப்புப் பார்சலுகள், அதுக்கு மேலை சப்பாத்துப் பெட்டியள், எல்லாத்துக்கும் மேலை ஒரு பிளெண்டர் பெட்டி. நல்ல பாரம். பழைய சைக்கிள் ரியூப்பாலை இழுத்துக் கட்டினன். பெட்டியிலை கண்ணாடி ஜக்கின்ர படம் இருந்தது, உடையும் எண்டு காட்டுற கிளாஸ் படமும் இருந்தது. ரெண்டையும் பாத்தனான். பாத்தும் மேலைதான் வைச்சன். அடியிலை இடமில்லை, திரும்ப எல்லாத்தையும் இறக்கி அடுக்கப் பஞ்சிப்பட்டன்.

வட்டக்கச்சியிலை தார் ரோட்டாலை இறங்கினா வாய்க்கால் கரையோடை ஒரு கிரவல் ரோட்டு. மழைக்குக் கிரவல் கழுவுப்பட்டு இப்ப கல்லுத்தான் நிக்குது. ஒரு பட்டி மாடு குறுக்காலை வர பிரேக் பிடிச்சன். ரியூப் வழுக்கிப் பெட்டி பின்னாலை விழுந்துது. ஒரு மூலை உள்ளுக்குப் போட்டுது. எடுத்துக் காதுக்குக் கிட்ட வைச்சு ஆட்டிப் பாத்தன். ஏதோ சின்னதாக் கிலுங்கினது. மூடியாயிருக்கும், இல்லாட்டி மிளகாய் அரைக்கிற சின்னக் கிண்ணமாயிருக்கும் எண்டு எனக்கு நானே சொன்னன். மூலையை விரலாலை இழுத்து நிமித்தி, தூசியைத் துடைச்சுக் கொண்டுபோய்க் குடுத்தன்.

வாங்கின அக்கா காலமையிலை தோசை சுட்டு மூண்டு கடைக்குக் குடுக்கிறவ. ரெண்டு பிள்ளையளையும் அவதான் பாக்கிறா. 9,850 ரூபாவையும் நூறும் ஐநூறுமா எண்ணித் தந்தவ. காசு தந்தாப் பிறகுதான் பெட்டி திறக்கலாம் எண்டது எங்கட கிளையின்ர விதி. கையெழுத்து வைக்கேக்கை, “கவனமாக் கொண்டுவந்தனீங்களோ தம்பி?” எண்டு கேட்டா. “ஓம் அக்கா” எண்டன்.

பின்னேரம் ஆறரைக்குப் போன் வந்தது. ஜக்கின்ர அடி வெடிச்சு, கைப்பிடிக்குக் கிட்ட ஒரு துண்டு கழண்டு கிடக்குதாம். அவ ஏசேல்லை. “உழுந்து நனையப் போட்டிட்டன் தம்பி, இனி என்ன செய்யிறது?” எண்டுதான் கேட்டா. கிளையிலை சொன்னன். கையெழுத்து வைச்சு வாங்கியாச்சு, அனுப்பின கடையோடை கதைக்கச் சொல்லு எண்டினம். நான் விழுத்தினதை அங்கையும் வாய் திறக்கேல்லை. சொன்னா என்ர கணக்கிலை வெட்டுவினம். அண்டையிலை இருந்து நித்திரையில்லை.

47 பார்சல் காவுறவன் ஒவ்வொண்டையும் எவ்வளவு கவனமாப் பாக்கவேணும்? எல்லாத்தையும் முட்டை மாதிரித் தூக்கினா இருட்டினாலும் முடியாது. அவசரப்பட்டா இப்பிடி ஆகுது. இதிலை நியாயமான அளவு எது? கை தவறினா வாசலிலையே சொல்லுறதோ? இந்த வேலை செய்யிற ஆக்கள், பார்சல் அனுப்புற ஆக்கள், வாங்கிற ஆக்கள் எல்லாரும் சொல்லுங்கோ. ஏசுறதெண்டாலும் ஏசுங்கோ, கேக்கிறன்.

புதுக்குடியிருப்பு ரைடர்:

தம்பி, பிழை உன்னிலை இருக்கு. ஆனா முழுக்க உன்னிலை இல்லை. நான் புதுக்குடியிருப்பு, முள்ளியவளை, தண்ணீரூற்றுப் பக்கம் மூண்டு வருசமா ஓடுறன். கொழும்பிலை இரவு வெளிக்கிடுற லொறி விடியக்காலமை கிளைக்கு வரும். உள்ளுக்கு நிக்கிறவர் வாசலுக்கு எறிவார், வாசலிலை நிக்கிறவர் சீமெந்து நிலத்துக்கு எறிவார். தினம் கண்ணாலை காணுறன். அவையும் இரவு முழுக்க நித்திரை முழிச்ச பொடியள்தான். எங்கட கைக்கு வரேக்கை அந்தப் பெட்டி ஏற்கனவே மூண்டு நாலு தரம் விழுந்திருக்கும். ஆனா வாசலிலை நிண்டு முகம் குடுக்கிறது நாங்கள்.

அதாலை நான் காலமை பட்டியலிலை கையெழுத்து வைக்க முதல், மூலை நசுங்கினது, நனைஞ்சது, கிலுங்கிறது எல்லாத்தையும் புறம்பா எடுத்து வைப்பன். போனிலை படம் எடுத்துக் கிளைப் பொறுப்பாளருக்கு அனுப்பிப்போட்டுத்தான் ஏத்துவன். பத்து நிமிசம் பிந்தும். முதல் கிழமை முகத்தைச் சுழிச்சவை. இப்ப பழகீட்டுது.

47 உம் ஒரே கவனம் கேக்காது. அதிலை அஞ்சோ ஆறோதான் உண்மையிலை உடையிற சாமான். அந்த ஆறையும் காலமை தேடிப் பிடிக்கிறதிலைதான் பாதி வேலை இருக்கு. சின்னப் பெட்டி ஆனா பாரம் கூட, மருந்துக்கடை முத்திரை, கிளாஸ் படம், குடைப் படம், மேல்பக்கம் காட்டுற ரெண்டு அம்புக்குறி, இதுகள் கண்ணிலை பட்டா உடனை புறம்பாக்கு. மெத்தெண்ட பையையும் நம்பாதை. நாய்க்குப் பயந்து ஒருநாள் ஒரு பையை வேலிக்கு மேலாலை எறிஞ்சிட்டன். உடுப்புத்தானே எண்டு நினைச்சன். உள்ளுக்கை துணியாலை சுத்தின மூக்குக்கண்ணாடி. ஏ.எல். சோதனை எழுதுற பிள்ளையின்ர. சோதனைக்கு நாலு நாள் இருந்தது. அதுக்குப் பிறகு எந்தப் பையையும் ஒருக்கா அமத்திப் பாக்காமல் ஏத்திறதில்லை. எறியிறதை முற்றாவே விட்டிட்டன்.

கணக்கிலை வெட்டுறது பற்றி ஒண்டு சொல்லவேணும். ஒரு பார்சலுக்கு எங்களுக்கு வாற காசையும், அதுக்குள்ளை இருக்கிற சாமான்ர விலையையும் பக்கத்திலை பக்கத்திலை வைச்சுப் பாத்தா, முழுப் பொறுப்பையும் எங்களிலை கட்டுறது அநியாயம். காப்புறுதி எண்டு ஒண்டை அவைதான் போடவேணும். அதுக்காக அந்த அக்காவின்ர தலையிலையும் கட்டேலாது.

மல்லாவி எண்ணெய்க்காரி:

தம்பி, நான் அனுப்புற ஆள். எள்ளு வாங்கிச் செக்கிலை ஆட்டி நல்லெண்ணெய் போத்தலிலை அடைச்சுக் கொழும்புக்கும் வவுனியாவுக்கும் அனுப்புறன். முதல்முதலா அனுப்பின 24 போத்தலிலை 6 உடைஞ்சு போச்சு. என்ர எண்ணெய் போனதோடை நிண்டிருந்தா ஆறியிருப்பன். அது வழிஞ்சு, பக்கத்திலை இருந்த ஆற்றையோ கூறைச்சீலைப் பார்சலுக்குள்ளை இறங்கீட்டுது. கலியாணத்துக்கு ரெண்டு கிழமை இருந்ததாம். கூரியர்க்காரரை எவ்வளவு ஏசினன் தெரியுமோ. பிறகு பெட்டியைத் திரும்ப எடுத்துப் பாத்தாப் பிறகுதான் என்ர கட்டுத்தான் பிழை எண்டு விளங்கிச்சுது.

அதாலை உங்களுக்குச் சொல்லுறன், அந்த பிளெண்டர் உடைஞ்சதிலை கடைக்காரருக்கும் பங்கு இருக்கு. படம் போட்ட அந்தப் பெட்டி, கடைத் தட்டிலை வைக்கிறதுக்கும், பத்துப் பன்னிரண்டாப் பெரிய பெட்டிக்குள்ளை அடுக்கிக் கப்பலிலை கொண்டுவாறதுக்கும் செய்தது. தனியா ஒண்டை மோட்டார் சைக்கிளிலை அனுப்பிறதெண்டா வெளியாலை இன்னொரு பெட்டி போட்டு, ரெண்டுக்கும் நடுவிலை சுத்திவர ரெண்டு விரல் அகலத்துக்குக் கடதாசியோ ரெஜிபோமோ இறுக்கி அடைக்கவேணும். நான் கசக்கின பேப்பரும், பைக்குள்ளை கட்டின உமியும் வைக்கிறன். கட்டி முடிச்சு ஆட்டிப் பாக்கேக்கை சத்தம் கேட்டா அது கட்டினதாகாது.

பெட்டி செய்யிற இடத்திலை ஒரு ஐயா எனக்குச் சொல்லித் தந்தவர்: காட்போட் பெட்டியின்ர பலம் முழுக்க நிமிந்து நிக்கிற நாலு மூலையிலைதான். உள்ளுக்கை இருக்கிற நெளிவு மேலையும் கீழையுமா நிக்கவேணும். மூலைக்கு மேலை மூலை வாற மாதிரி அடுக்கினாத் தாங்கும், குறுக்கை மாத்தி வைச்சா அமுங்கும். மழையிலை நனைஞ்ச மட்டையை நம்பவே கூடாது, காய்ஞ்சாலும் பழைய பலம் வராது. புது மாதிரிப் பெட்டி எண்டா அவர் ஒரு மூலை, மூண்டு விளிம்பு, ஆறு பக்கம் எண்டு பத்துத் தரம் விழுத்திப் பாக்கச் சொன்னார். நான் பழைய போத்தலிலை தண்ணி நிரப்பி இடுப்பு உயரத்திலை இருந்து விழுத்திப் பாத்தன். முதல் மூண்டு கட்டும் தோத்துப்போச்சு, நாலாவது நிண்டிட்டுது. “கண்ணாடி” எண்டு தமிழிலையும், “வீதுரு” எண்டு சிங்களத்திலையும் எழுதி, கிளாஸ் படமும் நாலு பக்கமும் ஒட்டுறன். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினா அந்தப் பக்கம்தான் கீழை போகும்.

ஆனா தம்பி, ஒண்டு. நாங்கள் எவ்வளவு வடிவாக் கட்டினாலும், “ஓம் அக்கா” எண்டு நீங்கள் சொன்னதுக்கு அது மருந்தாகாது. அவவுக்குச் சொல்லுங்கோ. கடை மாத்தித் தரமாட்டன் எண்டு நிண்டா நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 எண்ட இலக்கத்துக்கு எடுத்து முறையிடலாம் எண்டதையும் சொல்லுங்கோ. பற்றுச்சீட்டு, பெட்டி, உடைஞ்ச துண்டு ஒண்டையும் எறியவேண்டாம் எண்டு சொல்லுங்கோ.

கனகராயன்குளம் பழைய கிளீனர்:

தம்பி, எனக்கு வயது 61. 2002 இலை சண்டை நிண்டு கண்டி வீதி திறந்தாப் பிறகு 2006 ஆகஸ்டிலை பூட்டுமட்டும் வவுனியாவிலை இருந்து யாழ்ப்பாணம் போற சாமான் லொறியிலை கிளீனரா நிண்டனான். உம்மட கேள்வியை மகள் வாசிச்சுக் காட்டினா. நான் சொல்லச் சொல்ல அவதான் எழுதுறா.

ஓமந்தையிலை ஆமிக்காரர் சாமானை இறக்கிப் பாப்பினம். திரும்ப ஏத்தவேணும். புளியங்குளத்திலை மற்றப் பக்கம், இயக்கத்தின்ர சோதனை. முகமாலையிலை இன்னொருக்கா. வவுனியாவிலை இருந்து யாழ்ப்பாணத்துக்கு 140 கிலோமீற்றர் வரும். அதுக்குள்ளை ஒரு பெட்டி எத்தினை கை மாறும் எண்டு யோசிச்சுப் பாரும். வெயிலோ மழையோ, வெட்டையிலைதான் இறக்கிறது. பிஸ்கட், சவர்க்காரம், மருந்து, கண்ணாடிச் சாமான் எல்லாம் ஒண்டாத்தான் வரும்.

எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. தட்டிலை நிக்கிறவர் பெட்டியைக் கீழை நீட்டுவார். கீழை நிக்கிறவர் அடியிலை கை குடுத்து, பாரம் தன்ர கைக்கு வந்தாப் பிறகு “விடு” எண்டுவார். அந்தச் சொல்லுக் காதிலை விழுமட்டும் மேலை நிக்கிறவர் கை எடுக்கக்கூடாது. கீழை நிக்கிறவர் தன்ர தம்பியாயிருந்தாலும் சரி, நாப்பதாவது பெட்டியாயிருந்தாலும் சரி. சொல்லிப்போட்டுச் செய்யிறதாலை நேரம் போகாது. எறிஞ்சு பிடிக்கிறவையைவிட நாங்கள் பிந்தினதில்லை. ஏனெண்டா விழுந்ததைப் பொறுக்கி அடுக்கிற வேலை எங்களுக்கு இல்லை.

மற்றது புள்ளடி. ஆரும் கை தவறி ஒரு பெட்டியை விழுத்தினா, அந்த இடத்திலையே “விழுந்திட்டுது” எண்டு சத்தம்போட்டுச் சொல்லவேணும். சோக்காலை பெட்டியிலை பெரிசா ஒரு புள்ளடி போடுவம். யாழ்ப்பாணத்திலை கடைக்காரர் இறக்கேக்கை புள்ளடி போட்டதைத்தான் முதல் திறப்பார். உடைஞ்சிருந்தா எங்கட முதலாளி ஏசுவார், ஏசிப்போட்டு இழப்பைத் தான் பாத்துக்கொள்ளுவார். புள்ளடி போடாத பெட்டி உடைஞ்சு கிடந்து, அது எங்கட கையாலை எண்டு பிறகு தெரிஞ்சா, அண்டையோடை வேலை இல்லை. ஒரு பொடியனை அப்பிடி நிப்பாட்டினவர். லாந்தர் விளக்குக்குப் போடுற கண்ணாடிச் சிம்னிப் பெட்டி ஒண்டு. அவனும் உம்மைப் போலை நல்ல பொடியன்தான், பயத்திலை மறைச்சிட்டான்.

அந்தக் காலத்திலை சிம்னி எண்டா என்ன எண்டு உமக்குத் தெரியாது. 90 களிலை வன்னிக்குச் சீமெந்து, யூரியா, பட்டரி, மண்ணெண்ணெய் எல்லாத்துக்கும் தடை. ஜாம் போத்தலுக்குள்ளை பஞ்சை வைச்சுக் கொஞ்ச எண்ணெய் விட்டு அந்த வெளிச்சத்திலை பிள்ளையள் படிச்சதுகள். லாந்தர் சிம்னி உடைஞ்சா மற்றது எப்ப வரும், வருமோ எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. எங்கட அம்மா சிம்னியைச் சாம்பல் போட்டுத் துடைக்கேக்கை எங்களைக் கிட்டக் கூட விடமாட்டா. சாமானை அப்பிடித் தூக்கிப் பழகின கை எங்கட கை. இப்ப போனிலை அமத்தினாச் சாமான் வருது, அதாலை உடைஞ்சா வேற வரும் எண்டு நினைக்கினம். தோசை சுடுற அந்தப் பிள்ளைக்கு அடுத்த நாள் விடிய வேற வருமோ?

கட்டுறதிலையும் உமக்குப் பிழை இருக்கு. ரியூப்பிலை தூசி படிஞ்சா வழுக்கும், வெயிலுக்கு இழுபட்டுத் தளரும். ஒரு ரியூப்பை நம்பாமல் நைலோன் கயிறு ஒண்டும் குறுக்கை போடும். பாரமானது எப்பவும் கீழை, சீற்றோடை ஒட்டி. கண்ணாடியை நிமித்தி வையும், படுக்கப் போடாதேயும். ரீவிப் பெட்டியும் அப்பிடித்தான், படுக்கவைச்சுக் கொண்டுபோனா நடுவாலை வெடிக்கும். கடைசியாக் குடுக்கிறதை முதல் ஏத்தும். நாலு இடத்திலை நிண்டு கிண்டிக் கிளறினா உடையாததும் உடையும்.

அந்தப் பிள்ளையிட்டைப் போம். போனிலை சொல்லாமல் நேரை போம்.

தர்மபுரத்து மகள்:

அண்ணா, ஐயா சொன்ன புள்ளடியை வாசிச்சாப் பிறகு எழுதாமல் இருக்க முடியேல்லை. அம்மாவுக்குச் சீனி வருத்தம். போன வருசம் ஆஸ்பத்திரியிலை குடுக்கிற இன்சுலின் கொஞ்ச நாள் கிடைக்காமல் போக, யாழ்ப்பாணத்து மருந்துக்கடை ஒண்டிலை காசு கட்டி எடுப்பிச்சனாங்கள். திறக்காத இன்சுலின் 2 இலை இருந்து 8 பாகை செல்சியசுக்குள்ளை இருக்கவேணும், உறையவும் கூடாது. ஐஸ் பையோடை ரெஜிபோம் பெட்டியிலைதான் அனுப்பினவை.

நாங்கள் வயலிலை நிண்டம், போன் மணி கேக்கேல்லை. கொண்டுவந்த அண்ணா சந்திக்கடையிலை வைச்சிட்டுப் போயிட்டார். கடைக்காரர் நல்ல மனுசன், ஆனா அவருக்கு என்ன தெரியும்? பிஸ்கட் பெட்டியளுக்கு மேலை, தகரத்துக்குக் கீழை வைச்சிருந்தார். பின்னேரம் நான் திறக்கேக்கை ஐஸ் பை இளஞ்சூடா இருந்துது. உங்கட அக்காவுக்கு ஜக் உடைஞ்சது கண்ணாலை தெரிஞ்சுது. எனக்கு ஒண்டும் தெரியேல்லை. மருந்து முந்தின மாதிரியே தெளிவா இருக்கு. மருந்துக்கடையிலை கேட்டா, எவ்வளவு சூடு ஏறினதெண்டு தெரியாமல் சரி எண்டு சொல்லமாட்டம் எண்டினம். அம்மாவுக்கு ஏத்த எனக்குக் கை வரேல்லை. எல்லாத்தையும் எறிஞ்சம்.

திரும்ப ஒருக்காப் போன் எடுத்திருந்தா, இல்லாட்டி “மருந்து, கடையின்ர ஐஸ் பெட்டிக்குப் பக்கத்திலையாவது வையுங்கோ” எண்டு அந்தக் கடைக்காரருக்கு ஒரு வசனம் சொல்லியிருந்தாக் காணும். வெயிலுக்கை நிக்கிற மோட்டார் சைக்கிள் பெட்டியும் அந்தத் தகரம் மாதிரித்தான். மருந்து எண்டு கண்டா அதை முதல் குடுத்து முடியுங்கோ அண்ணா.

கரைச்சிப் பொடியன்:

எல்லாருக்கும் நன்றி. ஐயாவுக்கும், எழுதித் தந்த அக்காவுக்கும் தனியா நன்றி.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டை போனன். நிண்டபடியே சொன்னன்: “பெட்டி என்ர கையாலை விழுந்தது. ஆட்டிப் பாக்கச் சத்தம் கேட்டது. தெரிஞ்சுதான் தந்தனான்.” அவ கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்லை. பிறகு சொன்னதை அப்பிடியே எழுதுறன். “விழுந்தது பெரிசில்லைத் தம்பி. வாசலிலை நிண்டு சொல்லியிருந்தா ரெண்டு பேருமாத் திறந்து பாத்திருப்பம். நான் உழுந்தை நனையப் போட்டிருக்கமாட்டன். பக்கத்து வீட்டிலை ஆட்டுக்கல்லை வெளிச்சத்தோடையே கேட்டு வாங்கியிருப்பன்.”

அண்டைக்கு இரவு பத்தரைக்குப் பிறகுதான் அவவுக்கு ஆட்டுக்கல்லுக் கிடைச்சிருக்கு. ஆட்டி முடிய ஒரு மணி. மா விடியப் பொங்கேல்லை. கடைகளுக்குத் தோசை போகேல்லை, அடுத்த நாளும் பிந்திப்போச்சு. மூண்டு கடையிலை ஒரு கடை இப்ப வேற ஆளிட்டை எடுக்குது. இதை நான் நினைச்சும் பாக்கேல்லை. ஜக்கின்ர விலையைத்தான் இவ்வளவு நாளும் மனசுக்கை எண்ணிக்கொண்டிருந்தனான்.

அந்தக் கடைக்கும் போனன். பிழை என்னிலை, அக்கா ஒருநாளும் பிந்தினவ இல்லை எண்டு சொன்னன். யோசிச்சுச் சொல்லுறன் எண்டார். இன்னும் ஒண்டும் சொல்லேல்லை. இந்தக் கிழமையும் ஒருக்காப் போவன்.

கிளையிலையும் சொல்லிட்டன். கணக்கிலை வெட்டுவம் எண்டினம், எவ்வளவெண்டு மாசம் முடியத்தான் தெரியும். பரவாயில்லை. புள்ளடி போட்ட பெட்டியைக் காசு வாங்க முதல் திறக்க விடலாமோ எண்டும் கேட்டனான். மேலிடத்திலை கேக்கவேணுமாம்.

ஐயா சொன்ன மாதிரிச் சோக்குக் கட்டி ஒண்டு இப்ப சேட்டுப் பொக்கற்றுக்கை இருக்கு. பழக்கடையிலை ஒரு பிளாஸ்டிக் கூடை வாங்கி, பழைய மெத்தைப் பஞ்சை வெட்டி அடிக்கும் நாலு பக்கத்துக்கும் வைச்சு, சீற்றோடை ஒட்டிக் கட்டியிருக்கிறன். உடையிறதுக்கு மட்டும் அந்தக் கூடை. மருந்து வந்தா ஈரச்சாக்காலை மூடி முதல் அந்த வீட்டுக்குத்தான் போறன். காலமை 15 நிமிசம் கூடப் போகுது. ஆனா வழியிலை நிண்டு கிண்டுறது குறைஞ்சதாலை முடியிற நேரம் பெரிசா மாறேல்லை.

புதன்கிழமை மாயவனூரிலை ஒரு பெட்டி இறக்கேக்கை கை வழுக்கீட்டுது. புள்ளடி போட்டு, விழுந்தது எண்டு சொன்னன். வாங்க வந்தவர் எனக்கு வேண்டாம் எண்டு திருப்பி அனுப்பிட்டார். அண்டைக்கு அந்தப் பார்சலின்ர காசு எனக்கு இல்லை. மனம் கொஞ்சம் நொந்துதான். ஆனா இரவு நித்திரை வந்தது.

இப்ப ஒரு உதவி வேணும். அக்காவின்ர பிளெண்டருக்குச் சந்தைப் பக்கத்திலை ஒரு திருத்திற கடையிலை 3,200 ரூபாவுக்குக் கண்ணாடி ஜக் எடுத்துக் குடுத்தன். பொருந்துது, ஆனா அடியாலை சொட்டுச் சொட்டா ஒழுகுது. அலகு பூட்டுற இடத்திலை இருக்கிற ரப்பர் வளையம் பழைய ஜக்கின்ரதுதான். ஆருக்கும் தெரிஞ்சாச் சொல்லுங்கோ, அக்கா மாவை ஆட்டுக்கல்லிலைதான் இன்னும் ஆட்டுறா.

மல்லாவி எண்ணெய்க்காரி:

தம்பி, ரப்பரைக் கழட்டி விளிம்பிலை வெடிப்பு இருக்கோ எண்டு பாருங்கோ. வெடிப்பில்லாட்டி மறுபக்கம் திருப்பிப் போட்டு, அலகை நேரா வைச்சுக் கையாலை இறுக்குங்கோ, குறடு போட்டு முறுக்கவேண்டாம். முதல் பச்சைத்தண்ணி விட்டு அஞ்சு நிமிசம் வைச்சுப் பாருங்கோ. அதுக்கும் ஒழுகினா புதுசுதான் போடவேணும். பழைய வளையத்தை ஒரு வெள்ளைக் கடதாசியிலை வைச்சு உள்ளும் வெளியும் கோடு கீறி, பக்கத்திலை ஒரு ரூலரையும் வைச்சுப் படம் எடுத்துப் போடுங்கோ. வியாழக்கிழமை எண்ணெய் ஏத்த வவுனியா போறன். அங்கை பாத்து வாங்கி வாறன்.